பொம்மை விற்க எடுத்த தொடர்களில் வரும் வில்லன்களில் உங்கள் மனதில் நின்றவன் யார்? ஏன்?

பீஸ்ட் வார்ஸ் தொடரில் வரும் மெகாட்ரான். வண்டியாகவும் விலங்காகவும் மாறும் ரோபோக்களின் டிரான்ஸ்பார்மர்ஸ் வரிசையில் அந்தப் பெயரில் பல பேர் உண்டு. கைத்துப்பாக்கியாக மாறுகிற பழைய மெகாட்ரானைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். நான் சொல்வது டைரனோசரஸ் ரெக்ஸாக மாறுகிறவனை. ஊதா நிறம். ரோபோவாக நிமிரும்போது டைனோசரின் தலை ஒரு கையாகிவிடும், வால் இன்னொரு கையாகிவிடும். வாயைத் திறந்தால் தன் அருமை பெருமைதான். அதற்காகவே அவனை எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

பொம்மை விற்க எடுத்தது என்றால் கதை மட்டமாகத்தான் இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நான் கோவையில் கணபதிப் பக்கம் ஒரு மோல்டு பட்டறையில் வேலை செய்கிறேன். பிளாஸ்டிக் சாமானுக்கு ஸ்டீலை வெட்டி டை, அதாவது அச்சு, செய்வது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பது எங்கள் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதனால் இந்த மாதிரித் தொடர்களில் பொம்மைதான் முதலில் முடிவாகும், கதை அதற்குப் பின்னால் வரும். கையில் கொடுத்த உருவத்துக்கு ஒரு மனசைக் கண்டுபிடிக்க வேண்டியது எழுதுகிறவர்கள் பாடு. அது லேசான வேலை இல்லை.

டிரான்ஸ்பார்மர்ஸின் ஆரம்பமே அப்படித்தான். ஜப்பானின் தகாரா நிறுவனம் டயாக்ளோன், மைக்ரோமேன் என்ற பெயர்களில் விற்றுக்கொண்டிருந்த பொம்மைகளை அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கி, 1984இல் அமெரிக்காவில் புதுப் பெயரோடு இறக்கியது. ஒவ்வொரு பொம்மைக்கும் பெயரும் குணமும் எழுதிக் கொடுத்ததில் பெரும்பங்கு மார்வெல் காமிக்ஸில் இருந்த பாப் புடியான்ஸ்கிக்கு. பெட்டியின் பின்பக்கம் பலம், அறிவு, வேகம், தைரியம் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் வரைபடமாக இருக்கும். அந்த வரைபடத்தை ஒரு சிவப்புத் தாள் வழியாகப் பார்த்தால்தான் படிக்க முடியும். பக்கத்தில் அந்தப் பாத்திரத்தின் கொள்கையாக ஒரு வரி. பெட்டிக்குள் இருப்பவன் கடையிலேயே தன்னைப் பற்றிப் பேசியாக வேண்டும். தற்பெருமை இந்தக் கதைகளுக்குள் வந்த வழி அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அதன்பின் விற்பனை படுத்தது. 1993இல் ஜெனரேஷன் 2 என்று பழைய பொம்மைகளுக்கு நிறம் மாற்றி விட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. 1996இல் ஹாஸ்ப்ரோவுக்குச் சொந்தமான கென்னர் பெயரில் பீஸ்ட் வார்ஸ் வந்தது. கார், விமானம் எல்லாம் போய் கொரில்லா, சிறுத்தை, காண்டாமிருகம், சிலந்தி, டைனோசர். பால் ஜாயின்ட்டை, அதாவது குழிக்குள் பந்து சுழலும் மூட்டை, தாராளமாகப் பயன்படுத்தினார்கள். கையும் காலும் எந்தப் பக்கமும் திரும்பும், நிறுத்தின இடத்தில் நிற்கும். பந்து தளர்ந்தால் கை தொங்கும், இறுகினால் பிளாஸ்டிக் வெடிக்கும். குழந்தைகள் நூறு முறை மாற்றி மாற்றி விளையாடியும் அது நிற்கிறது என்றால் டை செய்தவர்களைக் கும்பிட வேண்டும்.

தொடரை எடுத்தது கனடாவின் வான்கூவரில் இருந்த மெயின்பிரேம் நிறுவனம். முழுக்கக் கணினி வரைகலை. 1996 முதல் 1999 வரை மூன்று பருவங்கள், 52 பகுதிகள். கதைப் பொறுப்பு பாப் பார்வர்ட், லாரி டிடிலியோ இருவருக்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு புதுப் பாத்திரத்துக்கும் கணினியில் உருவம் கட்டுவது பெரிய செலவு. எனவே ஆட்கள் குறைவு. ஆள் குறைந்ததால் ஒவ்வொருவருக்கும் பேச நிறைய இடம் கிடைத்தது. நம் டைனோசர் அந்த இடத்தை ஒரு துளிகூட வீணாக்கவில்லை.

சரி, அவனுடைய கதைக்கு வருகிறேன். பழைய தொடரில் மோதிய ஆட்டோபாட் (நல்லவர்கள்), டிசெப்டிகான் (கெட்டவர்கள்) கூட்டங்களின் போர் முடிந்து பல தலைமுறை கழித்து அவர்களின் வாரிசுகளாக மாக்ஸிமல், பிரிடகான் என்று இரண்டு கூட்டம். பிரிடகான்கள் தோற்ற கூட்டத்தின் வழிவந்தவர்கள், தலை தாழ்த்தி வாழ வேண்டிய நிலை. அதில் ஒருவன் பழைய காலத்துத் தகவல்கள் பதிந்த ஒரு தங்கத் தட்டைத் திருடிக்கொண்டு கப்பலேறி, காலத்தில் பின்னோக்கிப் பாய்கிறான். துரத்தி வந்த மாக்ஸிமல் தலைவன் ஆப்டிமஸ் பிரைமலின் கப்பலும் கூடவே வந்து விழுகிறது. விழுந்த கிரகத்தில் எனர்ஜான் என்ற சக்திப் பொருளின் கதிர்வீச்சு அளவுக்கு மீறி இருப்பதால், தப்பிக்க எல்லோரும் விலங்கு உடல் எடுத்துக்கொள்கிறார்கள். இவனுக்கு வாய்த்தது டைனோசர் உடல்.

மெகாட்ரான் என்பது அவன் தானாகச் சூட்டிக்கொண்ட பெயர். முதலில் வந்த பொம்மை ஜோடியில் அவன் ஒரு முதலை. அதனுடன் வைத்திருந்த குட்டிக் காமிக்ஸ் அவனைப் பழைய மெகாட்ரானாகவே காட்டியது. தொடரை எழுதியவர்கள் அதை மாற்றினார்கள். இவன் வேறு ஆள், பழைய கொடுங்கோலனின் பெயரை எடுத்து வைத்துக்கொண்டவன் என்றார்கள். இந்த ஒரு முடிவில்தான் இவனுடைய சவடாலுக்கு அர்த்தம் கிடைத்தது. பெயர் இரவல், அதற்குரிய வெற்றி இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் தினமும் அந்தப் பெயருக்குத் தான் தகுதியானவன் என்று எல்லோர் காதிலும் ஓத வேண்டியிருக்கிறது.

என் அமுச்சி ஊர் சங்ககிரிப் பக்கம். அங்கே நோம்பிக்கு விடிய விடியக் கூத்து நடக்கும். இரணியன் வேடம் திரைக்குப் பின்னால் நின்று தன் பிரதாபத்தைப் பாடிவிட்டுத்தான் வெளியே வரும். நீ யார் என்று கட்டியக்காரன் கேட்கக் கேட்க, வாங்கிய வரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும். மெகாட்ரானைப் பார்க்கும்போது எனக்கு அந்த இரணியன்தான் நினைவுக்கு வருவான். ஆனால் இரணியன் சொல்வது கையில் வாங்கிவிட்ட வரத்தை. மெகாட்ரான் சொல்வதெல்லாம் இனிமேல் வாங்கப்போவதை. கேட்கிறவர்கள் நம்பும்படி அதைச் சொல்ல அவனுக்குத் திறமை அதிகமாகவே வேண்டியிருக்கிறது.

அக்கா மகனோடு உட்கார்ந்து சில பகுதிகள் பார்த்தேன். அவன் கேட்டான்: “ஏனுங்க மாமா, இத்தனை பேசறானே, நெசமாலுமே பெரிய ஆளுங்களா?” ரொம்பச் சரியான கேள்வி. “பெரிய ஆளுதான் கண்ணு, ஆனா அவங்கூட இருக்கறவங்களப் பாரு” என்றேன்.

ஏனென்றால் அவனுடைய கூட்டத்தில் பாதிப் பேர் அவன் நாற்காலிக்கு ஆசைப்படுகிறவர்கள். முதல் கதையிலேயே டைனோபாட் அவனை எதிர்த்துச் சவால் விட்டுத் தோற்று, எதிரணிக்குப் போய்விடுகிறான். டெரர்சார் தனக்குக் கொஞ்சம் கூடுதல் சக்தி கிடைத்ததுமே தலைமையைப் பிடுங்கிக்கொள்கிறான். டாரன்டுலஸ் எப்போதும் தனியாக ஏதோ ஒரு வலை பின்னிக்கொண்டே இருப்பான். உண்மையான விசுவாசி என்றால் இன்பெர்னோ. அவன் தன்னை நிஜமாகவே எறும்பு என்று நம்புகிறவன். மெகாட்ரானை ராணி என்று அழைப்பான், மெகாட்ரானுக்கு அதில் எரிச்சல். இப்படி ஒரு கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒருவன் அமைதியாக, அடக்கமாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தலைவனாக நீடிக்க முடியாது. அவனுடைய தற்பெருமை அவன் ஆட்சி நடத்தும் முறை. குரலை இழுத்து இழுத்து அவன் ‘ஆமாம்’ சொல்லும்போது எதிரில் நிற்பவன் தன் திட்டத்தையே ஒரு நொடி சந்தேகப்படுவான்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் டேவிட் கே. மேடையில் நடிக்கிற தோரணையில் பேசியிருப்பார். பின்னால் 2007இல் டிரான்ஸ்பார்மர்ஸ் அனிமேட்டடில் ஆட்டோபாட் தலைவன் ஆப்டிமஸ் பிரைமுக்குக் குரல் கொடுத்தவரும் இவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்.

இவனுடைய பெருமைப் பேச்சு வெற்றுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டால் தொடரின் பாதி உங்களுக்குப் புரியாது. இந்த வரிசையில் வந்த வில்லன்களில் இவன்தான் உண்மையிலேயே யோசிக்கிறவன். அந்தக் கிரகம் ஆதிகாலப் பூமி என்பது தெரிந்ததும், சரித்திரத்தை மாற்ற முடியுமா என்று முதலில் சோதித்துப் பார்க்கிறான். ஒரு மலையைத் தகர்க்கிறான், தங்கத் தட்டில் இருந்த அந்த மலையின் படம் மாறிவிடுகிறது. முடியும் என்று உறுதியான பிறகுதான் ஆதிமனிதர்களை அழிக்கக் கிளம்புகிறான். இரண்டாம் பருவத்தின் கடைசியில், எரிமலைக்குள் புதைந்து உறங்கும் ஆட்டோபாட்களின் பழைய ஆர்க் கப்பலுக்குள் நுழைந்து, உணர்வில்லாமல் கிடக்கும் ஆப்டிமஸ் பிரைமையே சுட்டுவிடுகிறான். பிரைம் இல்லாவிட்டால் மாக்ஸிமல் என்ற கூட்டமே பிறந்திருக்காது. தங்கத் தட்டில் பழைய மெகாட்ரான் விட்டுப்போன செய்தியும் அதைத்தான் சொல்கிறது. இரவல் பெயர்க்காரன் அசல் பெயர்க்காரனின் கட்டளையை நிறைவேற்றிய இடம் அது. குழந்தைகளுக்கான தொடர் ஒரு பருவத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் அதே வாய்தான் அவனைக் கவிழ்க்கவும் செய்கிறது. டைனோபாட் இறக்கும் பகுதியைப் பாருங்கள். ஆதிமனிதர்களின் பள்ளத்தாக்கைக் காக்க டைனோபாட் தனி ஆளாக எல்லோரையும் அடித்து வீழ்த்திவிட்டு, சக்தியெல்லாம் தீர்ந்து நிற்கிறான். மெகாட்ரான் ஒரு ஆதிமனிதனைப் பிடித்து வைத்துக்கொண்டு, உன்னிடம் இனி ஒரு ஆயுதமும் இல்லை என்ற தெம்பில் பேசிக்கொண்டு நிற்கிறான். பேசாமல் கிளம்பியிருந்தால் அவன் ஜெயித்தவன். அந்த இடைவெளியில் டைனோபாட் ஒரு கட்டையையும் கல்லையும் சேர்த்துக் கட்டி, அதாலேயே அவனை அடித்து வீழ்த்துகிறான். தங்கத் தட்டும் அழிகிறது. எதிர்காலத்திலிருந்து வந்த இரண்டு இயந்திரங்களின் சண்டை ஒரு கல் சுத்தியலில் முடிவது எழுதியவர்களின் பெரிய யோசனை என்பேன்.

அவன் உடல் மாறிக்கொண்டே போவதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பருவத்தில் உலோகம் பளபளக்கும் டைனோசர், காலில் சக்கரம், பறக்கக் காற்றாடிகள். மூன்றாம் பருவத்தில் பழைய மெகாட்ரானின் உயிர்ப்பொறியைத் தன்னுள் ஏற்றிக்கொண்டு, எரிமலைக் குழம்பில் விழுந்து, சிவப்பு டிராகனாக எழுகிறான். பொம்மைக் கடைக்குப் புதுப் பொம்மை வேண்டும் என்பதற்காக நடந்த மாற்றங்கள்தான் இவை. கதையில் அவை ஒருவனின் பேராசை படிப்படியாக உருவம் எடுப்பதாக ஆகிவிட்டன. எனக்கென்னவோ முதல் டைனோசர்தான் பிடிக்கும். டிராகன் ஆன பிறகு பயம் கூடியது, அவனுடைய நகைச்சுவை கொஞ்சம் குறைந்துபோனது. குளிக்கும்போது ரப்பர் வாத்து பொம்மையை அமுக்கி விளையாடுகிற வில்லனை வேறு எங்கே பார்க்க முடியும்?

2023இல் வந்த ரைஸ் ஆஃப் தி பீஸ்ட்ஸ் படத்தில் ஆப்டிமஸ் பிரைமல் வந்தான், இவன் வரவில்லை. படம் பார்த்துவிட்டு மாக்ஸிமல்களைப் பிடித்துப்போன பிள்ளைகளுக்கு, அவர்கள் யாரோடு மோதினார்கள் என்பது தெரியாமலே இருப்பது எனக்கு வருத்தம்தான்.

பார்க்க நினைப்பவர்கள் முதல் பருவத்தின் ஆரம்ப இரண்டு பகுதிகளில் தொடங்குங்கள். அப்புறம் டெரர்சார் தலைமையைப் பிடுங்கும் ‘பவர் சர்ஜ்’. இரண்டாம் பருவத்தில் ‘கோட் ஆஃப் ஹீரோ’, அதன்பின் மூன்று பகுதிகளாக வரும் ‘தி அஜெண்டா’. வரிசை மாற்றிப் பார்க்க வேண்டாம், டைனோபாட்டின் முடிவு முதலிலேயே தெரிந்துவிட்டால் அவன் மெகாட்ரானை விட்டுப் பிரியும் இடத்தின் கனம் போய்விடும். குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் ‘கோட் ஆஃப் ஹீரோ’ அன்று மட்டும் கூடவே உட்காருங்கள். அக்கா மகன் அழுதுவிட்டான்.