ஃப்ரிடா காலோவைப் பற்றிய இருமொழிச் சமூக நாடகம் என்றால் என்ன?

ஊர்க்காரர்களே நடித்து, இரண்டு மொழிகளில் பேசும் மேடை நாடகம்தான் இது. அமெரிக்காவில் பெரும்பாலும் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்திருக்கும். அங்கே பல லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) வீடுகளில் பாட்டி ஸ்பானிஷில் கேட்பார், பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அந்தப் பேச்சை அப்படியே மேடையேற்றுகிறார்கள். 1965-இல் கலிஃபோர்னியப் பண்ணைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பிறந்த எல் தேயாத்ரோ காம்பெசீனோ என்ற நாடகக் குழு இதற்கு நல்ல முன்னோடி.

சரி, ஏன் ஃப்ரிடா? மெக்ஸிகோ ஓவியரான அவருக்கு ஆறு வயதில் போலியோ வந்து ஒரு கால் மெலிந்தது. 1925-இல், 18 வயதில், பேருந்து விபத்தில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முறிந்தன. படுத்தபடியே வரைய அம்மா தனியாக ஓவியச் சட்டம் செய்வித்தார்; கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடி. தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1953-இல் மெக்ஸிகோவில் நடந்த முதல் தனிக் கண்காட்சிக்கு ஆம்புலன்ஸில் வந்து, கட்டிலில் படுத்தபடியே விருந்தினரை வரவேற்றார். மேடைக்கு இதைவிட நல்ல காட்சியை யார் எழுதிவிட முடியும்!

அப்புறம், இருமொழி என்றால் ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு முறை சொல்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒரு மொழி புரியாதவருக்கு மற்ற மொழியில் வரும் பதிலும் நடிப்புமே விஷயத்தைச் சொல்லிவிடும்.