பாலத்துக்கு முன்னால் பேஸை அளந்துவிடுங்கள்

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் 28 மி.மீ. மினியேச்சர்களை (சிறு சிப்பாய்ப் பொம்மைகளை) மேசையில் வைத்து ஆங்கில–மைசூர்ப் போர் ஆட்டம் ஆடுகிறோம். ஆற்றுக்குத் தெர்மாகோலில் ஒரு கற்பாலம் செய்தேன். சரிவில் வைத்த சிப்பாய்கள் வழுக்கி விழுகிறார்கள். ஸ்பிரே பெயின்ட் அடித்ததும் ஒரு பக்கம் கரைந்து குழி விழுந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது? – காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: அந்தக் குழியை அடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். புதிதாகவே செய்துவிடுங்கள், ஒரு சனி, ஞாயிறு போதும்.

பலரும் நிஜப் பாலத்தின் படத்தைப் பார்த்து அளவெடுக்கிறார்கள். நான் பொம்மையின் பேஸிலிருந்துதான், அதாவது அது நிற்கிற அடித்தட்டிலிருந்துதான் தொடங்குவேன். உங்கள் சிப்பாய்க்கு 25 மி.மீ. பேஸ் என்றால் இரண்டு பேர் பக்கத்தில் நிற்க 50. விரல் நுழைய இடம் விட்டு, உள்ளகலம் 65 மி.மீ. வையுங்கள். பீரங்கியும் போய்விடும். கைப்பிடிச் சுவர் 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். உயர்ந்தால் பொம்மையை எடுக்கும்போது கை இடிக்கும்.

வழுக்குவதற்குக் காரணம் சரிவு. ஐந்து செ.மீ. நீளத்துக்கு ஒரு செ.மீ.க்கு மேல் ஏறக் கூடாது. அரை வட்ட வளைவு வெட்டினால் பாலம் உயர்ந்துவிடும், சரிவும் நீண்டு மேசையில் பாதியை அடைத்துவிடும். அதனால் தாழ்ந்த வளைவாகவே வெட்டுங்கள். 6 செ.மீ. விட்டமுள்ள டப்பா மூடியை வைத்து, அடியில் 5 செ.மீ. அகலம் வருகிற மாதிரி கோடு போட்டால் வளைவின் உயரம் 1.3 செ.மீ.தான் வரும். பாதையை 2 செ.மீ. உயரத்தில் நிறுத்திவிடலாம். இப்படி இரண்டு வளைவு, நடுவில் 2 செ.மீ. தூண்: ஆறு 12 செ.மீ. இருபுறமும் 10 செ.மீ. சரிவு சேர்த்தால் மொத்தம் 32. பாதையில் ஃபெவிகால் தடவி, டீ வடிகட்டியில் சலித்த மணலைத் தூவினால் ஈய பொம்மைகூட நிற்கும்.

தெர்மாகோலை வெட்டினால் மணி மணியாக உதிரும். கூரை வெப்பத்தடுப்புக்குப் போடுகிற எக்ஸ்பிஎஸ் போர்டு கிடைத்தால் அதை வாங்குங்கள், கத்திக்கு வெண்ணெய் மாதிரி வரும். ஆனால் ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் இரண்டையுமே தின்னும். ஃபெவிக்விக்கும் அரிக்கும். ஒட்டுவதற்கு ஃபெவிகால்தான். ஸ்பிரே அடித்தே ஆக வேண்டுமென்றால், ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து இரண்டு கை பூசி, இரவு முழுக்கக் காயவிட்ட பிறகு அடியுங்கள். ஓர் ஊசிமுனை இடம் விட்டுப்போனாலும் அங்கே குழி விழும். அக்ரிலிக்கைப் பிரஷ்ஷால் அடித்தாலே எனக்குப் போதும்.

அப்புறம் கல் வேலை. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. வளைவைச் சுற்றிய கற்களைப் பேனா முனையால் கீறும்போது ஒவ்வொரு கோடும் வட்டத்தின் மையத்தைப் பார்க்க வேண்டும். கற்கள் ஒற்றைப்படையில் இருக்கட்டும், அப்போதுதான் உச்சியில் ஒரு ஆப்புக்கல் உட்காரும். கோடுகள் நேர் செங்குத்தாக இருந்தால் செங்கல் சுவரில் ஓட்டை போட்டது போலத் தெரியும். பிறகு அலுமினிய ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி அழுத்தி உருட்டுங்கள், உளி கொத்திய சொரசொரப்பு வந்துவிடும்.

நிறத்துக்கு உங்கள் ஊர்க் கருங்கல்லையே பாருங்கள். அது வெறும் சாம்பல் அல்ல. அடர் சாம்பல் பூசி, காய்ந்ததும் பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, ஒட்டியும் ஒட்டாமலும் வெளிர் சாம்பலைத் தேயுங்கள். நாலைந்து கல்லுக்கு மட்டும் லேசான செம்மண் நிறம். தூணின் அடியில், தண்ணீர் தொடும் உயரம் வரை கரும்பச்சை.

ஒன்று மட்டும் யோசியுங்கள். 1791இல் கிருஷ்ணகிரிக் கோட்டையைக் கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனிப்) படை தாக்கியதை ஆடுவதாக இருந்தால், அந்தக் காலப் படைகள் பெரும்பாலும் ஆற்றில் இறங்கியே கடந்தன. பாலத்திலிருந்து இரண்டடி தள்ளி மணல் தெரிகிற ஆழமில்லாத துறை ஒன்றும் வையுங்கள். பாலம் மட்டும் இருந்தால் இரண்டு படையும் அதன் வாயிலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.