பராமரிப்பாளர் பயிற்சி: அரச உதவி யாருக்கு, எப்படி?

கேள்வி: மகள் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டாள். முதியோர் பராமரிப்புப் பயிற்சிக்கு விட விருப்பம். தனியார் நிலையம் ஒன்றில் ஆறு மாதத்துக்கு ஒன்றரை இலட்சம் கேட்கிறார்கள். "அரசாங்கத்தில் பதிந்த நிலையம், யோசிக்காதையுங்கோ" என்கிறார்கள். காசில்லாமல் படிக்க வழி இருக்கிறதா?
– தாய் ஒருவர், சண்டிலிப்பாய்

பதில்: இருக்கிறது. அதற்கு முன் ஒரு விஷயம். நிலையம் பதிவு பெற்றிருப்பது வேறு, அங்கே நடக்கும் கற்கைநெறி தர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. இரண்டையும் வழங்குவது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. கணினி வகுப்புக்கு அங்கீகாரம் எடுத்த நிலையம், அதே பெயர்ப்பலகையின் கீழ் அங்கீகாரமில்லாத பராமரிப்பாளர் வகுப்பும் நடத்தலாம். அப்படிப் படித்தால் கடைசியில் கையில் கிடைப்பது நிலையம் தானே அச்சடித்த தாள்தான், என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் அல்ல. ஆகவே பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்தக் கற்கைநெறிக்கு அங்கீகாரக் கடிதம் உண்டா, எத்தனையாம் மட்டத்துக்கு, எந்தத் திகதி வரை செல்லும்? கடிதத்தைக் காட்டத் தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். ஆணைக்குழுவின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

காசில்லாத வழிக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை (எல்லாரும் 'நைற்றா' என்பார்கள்), தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவற்றின் யாழ் மாவட்ட அலுவலகங்களில் விசாரியுங்கள். பராமரிப்பாளர் கற்கைநெறி எல்லாப் பயிற்சி நிலையத்திலும் இராது, தொகுதி தொகுதியாகத்தான் எடுப்பார்கள். அடுத்த தொகுதிக்குப் பெயர் கொடுத்து வைப்பது நல்லது. மூன்று இடத்துக்கும் அலைய முடியாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போங்கள். எங்கே எப்போது தொடங்குகிறது என்ற தகவலைத் திரட்டித் தருவது அவருடைய வேலைதான். சில காலங்களில் அரசே கட்டணத்தைக் கட்டித் தனியார் நிலையங்களிலும் இடம் ஒதுக்குவதுண்டு. அதையும் அவரிடம் கேளுங்கள். "இலவசம்" என்று சொன்னாலும் பதிவுக் கட்டணம், சீருடை, மதிப்பீட்டுக் கட்டணம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் காலத்தில் அரசு தரும் பயிலுநர் கொடுப்பனவு சுற்றறிக்கைக்கு ஏற்ப மாறும். எல்லாக் கற்கைநெறிக்கும் கிடையாது, வரவு குறைந்தாலும் வெட்டுவார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம அலுவலரின் கடிதம், அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) எடுக்கும் குடும்பமென்றால் அதற்கான அத்தாட்சி, மகளின் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் ஆயத்தமாக இருக்கட்டும். தாயின் கணக்கு இலக்கத்தைக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அந்தப் பணம் மாதாமாதம் திகதி தவறாமல் வரும் என்று நம்பி பஸ் காசுக்குக் கணக்குப் போடவும் வேண்டாம். பஸ்சுக்கு இ.போ.ச. பருவச்சீட்டு எடுக்கலாமா என்று பயிற்சி நிலையத்திலேயே கேளுங்கள், விண்ணப்பத்துக்கு அவர்களின் முத்திரை வேண்டும். அது சிவப்பு பஸ்சுக்கு மட்டுந்தான், தனியாரில் செல்லாது.

இன்னும் இரண்டு வேலையை இப்போதே தொடங்கலாம். ஒன்று, ஹெபடைற்றிஸ் பி தடுப்பூசி. முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. நோயாளியைத் தொடும் செய்முறைக்குப் போகுமுன் எப்படியும் இரண்டாவது முடிந்திருக்க வேண்டும் என்றால் வகுப்புத் தொடங்கும் நாளில் ஊசியைத் தேடக்கூடாது. மற்றது பெயர். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு விதமாக, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இன்னொரு விதமாக, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக விரிந்து வேறொரு விதமாக இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். சான்றிதழில் ஆங்கிலப் பெயரில் ஒரு 'எச்' கூடிக் குறைந்தாலும் வெளிநாட்டு விண்ணப்பத்தில் இழுபடும். பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு இல்லையென்றால் அடையாள அட்டையில் உள்ளபடி.

கேள்வி: தனியார் வைத்தியசாலையில் ஏழு வருடமாக நோயாளர் உதவியாளராக வேலை. சான்றிதழ் ஒன்றுமில்லை. திரும்ப வகுப்புக்குப் போகத்தான் வேண்டுமா?
– வாசகி, கொடிகாமம்

பதில்: தேவையில்லை. வேலையில் பழகிய திறனை மதிப்பிட்டு என்.வி.கியூ. தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது, 'ஆர்.பி.எல்.' என்று கேட்டால் அலுவலகத்தில் உடனே விளங்கும். நைற்றா மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் எடுங்கள். சேவைக் கடிதத்தில் "ஏழு வருடம் வேலை செய்தார்" என்று மட்டும் இருந்தால் போதாது. குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்த்துப் பதிதல், படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைத்தல் என்று செய்த வேலைகளைப் பெயர் சொல்லி எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தத் தொழிலுக்குத் தேவையான திறன்களைப் பட்டியலிடும் தேசியத் தேர்ச்சி நியமத்தில் உள்ள அலகுகளோடு ஒப்பிட்டுத்தான் உங்களை அளப்பார்கள்.

செய்முறை மதிப்பீட்டில் அனுபவசாலிகள்தான் தடுமாறுவதுண்டு. காரணம் கை வேகம். கட்டிலில் இருந்து சில்லு நாற்காலிக்கு மாற்றுவதை எடுங்கள். முதலில் கை கழுவ வேண்டும், சவர்க்காரத்தோடு 40 முதல் 60 விநாடி. நோயாளியிடம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். பக்கவாதக்காரர் என்றால் நாற்காலியைப் பலமுள்ள பக்கத்தில் வைத்து, பிறேக் இரண்டையும் போட்டு, கால்தட்டை மடித்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். நாளாந்தம் செய்பவர் சம்மதம் கேட்பதையும் பிறேக் போடுவதையும் விட்டுவிட்டு நேரே தோளைப் பிடிப்பார். முடிந்தபின் குறித்து வைக்கவும் மறப்பார். வேலை சரியாக இருந்தும் புள்ளி போகும் இடங்கள் இவை. சில அலகுகளில் தேறாவிட்டாலும் தேறியவற்றுக்கு எழுத்தில் பதிவு தருவார்கள், மிச்சத்தைப் பிறகு முடிக்கலாம்.

என்.வி.கியூ. மூன்றாம் மட்டம் மேற்பார்வையின் கீழ் வேலை செய்யக்கூடியவருக்கு, நான்காம் மட்டம் பெரும்பாலும் தானாகச் செய்யக்கூடியவருக்கு. ஏழு வருட அனுபவத்துக்கு நான்கைக் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் மட்ட டிப்ளோமாவுக்குக் கதவு திறப்பதும் நான்குதான்.

கேள்வி: எட்டு மாத 'நேர்சிங் டிப்ளோமா' முடித்தால் அரச ஆஸ்பத்திரியில் தாதியாகலாமா?
– மாணவி, பருத்தித்துறை

பதில்: ஆகமுடியாது. அரச தாதியாவதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களில் சித்தியெய்தி, சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும்போது போட்டு, யாழ்ப்பாணத்திலும் உள்ளது போன்ற அரச தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. குறுகிய கால வகுப்பு வீட்டுப் பராமரிப்புக்கும் தனியார் வேலைக்கும் உதவும், அவ்வளவுதான். மருந்தாளர் வகுப்பும் இதே கதை. மருத்துவ சபையில் பதிவில்லாதவர் மருந்தகத்துக்குப் பொறுப்பாக இருக்க முடியாது.

கேள்வி: அமெரிக்காவில் கிறீன் கார்ட்டோடு இருக்கும் தங்கை தாதி உதவியாளர் பயிற்சிக்குப் போகப் பார்க்கிறா. குறுகிய கால வகுப்புக்கும் அமெரிக்க அரசின் 'பெல்' உதவிப்பணம் வருகிறதாமே?
– வாசகர், நல்லூர்

பதில்: 2025 ஜூலை 4இல் ஒப்பமிட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் 150 மணித்தியாலத்துக்குக் குறையாத, 600க்கு உட்பட்ட, எட்டு வாரம் முதல் பதினைந்து வாரத்துக்குள் முடியும் பயிற்சிகளுக்கு அது உண்டு. கிறீன் கார்ட் உள்ளவர் விண்ணப்பிக்கலாம், மாணவர் விசாவில் இருப்பவருக்கு இல்லை. ஆனால் தங்கையின் வகுப்பு இதில் விழுமா என்பதுதான் பிரச்சினை. தாதி உதவியாளர் பயிற்சிக்கு மத்திய சட்டம் கேட்பது குறைந்தது 75 மணித்தியாலம்தான். நான்கைந்து வாரத்தில் முடியும் வகுப்பு அளவுக்கு எட்டாது. கலிபோர்னியா போல 160 மணித்தியாலம் கேட்கும் மாநிலத்திலும் வாரக்கணக்கு எட்டை எட்ட வேண்டும். அதோடு வகுப்புக்கு மாநில ஆளுநரின் அனுமதி வேண்டும். சேர்ந்தவர்களில் 70 வீதமானோர் முடித்ததையும், முடித்தவர்களில் 70 வீதமானோருக்கு வேலை கிடைத்ததையும் காட்டாத வகுப்புக்குக் கிடையாது. இந்த உதவிப்பணத்துக்கான 'ஃபாஃப்சா' விண்ணப்பம் இலவசம், நிரப்பித் தருவதற்குக் காசு கேட்பவரிடம் போக வேண்டாம்.

தங்கைக்கு இதைவிட நேர்வழி ஒன்று இருக்கிறது. மெடிகெயார், மெடிகெய்ட் என்ற அரச மருத்துவக் காப்புறுதித் திட்டங்களின் பணம் பெறும் முதியோர் இல்லத்தில் வேலை உறுதியான பின் பயிற்சி எடுத்தால், பயிற்சிக்கும் பரீட்சைக்கும் அவவிடம் பணம் வாங்கக்கூடாது. சொந்தக் காசில் முடித்துவிட்டு 12 மாதத்துக்குள் அப்படியொரு இல்லத்தில் சேர்ந்தால், செலவை வேலை செய்யும் காலத்துக்கு ஏற்பத் திருப்பித் தர மாநிலம் ஏற்பாடு செய்ய வேண்டும். பற்றுச்சீட்டுகளை எறியவேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: என்.வி.கியூ. 4 இருந்தால் இலண்டன் பராமரிப்பாளர் விசா எடுத்துத் தருவதாக ஒருவர் முற்பணம் கேட்கிறார்.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: கொடுக்கவேண்டாம். பிரித்தானியா 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டில் இருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. யப்பானுக்கு வழி திறந்திருக்கிறது, ஆனால் என்.வி.கியூ. மட்டும் போதாது. பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்புக்கான யப்பானிய மொழிப் பரீட்சை, அதோடு பொது யப்பானிய மொழிப் பரீட்சையில் என்4 மட்டம் அல்லது ஜே.எஃப்.ரி. பேசிக் என்ற அடிப்படை மொழிப் பரீட்சை என்று மூன்றையும் தாண்ட வேண்டும். எந்த நாடாக இருந்தாலும் முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்குப் பணியகம் ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்ட பிறகே கதையுங்கள்.