சிகாகோவில் பீனுக்கு அப்புறம் என்ன?

"அக்கா, வந்து நாலு மாசம் ஆச்சு. பீன் சிற்பம் பார்த்தாச்சு, ஆற்றில் படகு போயாச்சு, டெவன் தெருவில் தோசையும் சாப்பிட்டாச்சு. என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. காலையில் அவர் கிளம்பினால் சாயங்காலம் வரை நானும் ஜன்னலும்தான். அடுத்து என்ன பார்க்கலாம்? தனியாகப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் அதே விசாவில்தான் 2006இல் திருச்சியிலிருந்து வந்து இறங்கினேன். அந்த ஜன்னலை எனக்கு நன்றாகவே தெரியும். முதல் வருஷம் பட்டியல் போட்டுக்கொண்டு சுற்றினேன். போட்டோக்கள் இருக்கின்றன, பார்த்தது ஒன்றும் மனதில் இல்லை. அப்புறம் ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போக ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் ஊர் கொஞ்சம் பிடிபட்டது. அதனால் இடங்களின் பட்டியல் தரப்போவதில்லை. இரண்டு தெரு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் எண் கணக்கு. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் இந்த ஊருக்குப் பூஜ்யம். அங்கிருந்து நாலு திசையிலும் கதவு எண் ஏறிக்கொண்டே போகும். எண்ணூறு ஏறினால் ஒரு மைல். தெற்கே முதல் மூன்று மைலில் மட்டும் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நீங்கள் தோசை சாப்பிட்ட டெவன் 6400 வடக்கு, அதாவது மேடிசனிலிருந்து எட்டு மைல். இது தெரியாமல் நான் பட்ட பாடு தனிக் கதை. வந்த முதல் குளிர்காலத்தில் ஹால்ஸ்டட் தெருவில் 1800க்குப் போக வேண்டியிருந்தது. 8ஆம் நம்பர் பஸ் பிடித்து 1800இல் சரியாக இறங்கினேன். இறங்கியது வடக்கு 1800, போக வேண்டியது தெற்கு 1800. நடுவில் ஏறக்குறைய நாலு மைல். திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றபோது காது இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சரி, முதல் தெரு டியர்பார்ன். நகர மையமான லூப்புக்குத் தெற்கே, சவுத் லூப்பில் இருக்கிறீர்கள், நடந்தே போய்விடலாம். ஜாக்சன் முனையில் மொனாட்நாக் என்று ஒரு கறுத்த செங்கல் கட்டிடம் நிற்கும். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அவசரப்படாமல் கீழே ஒரு ஜன்னல் பக்கம் போய் நில்லுங்கள். வடக்குப் பாதி 1891இல் முடிந்தது, 16 மாடி. பாரத்தை வெளிச்சுவர் தாங்குகிறது. அதனால் அடியில் சுவரின் கனம் ஆறடி. ஜன்னல் திண்டில் ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம். மேலே போகப் போகச் சுவர் மெலியும். தரைக்குப் பக்கத்தில் பாவாடை விரிந்த மாதிரி வெளியே வளைந்து இறங்கும். அதே கட்டிடத்தின் தெற்குப் பாதி 1893இல் எழுந்தது. அங்கே பாரம் எஃகுச் சட்டத்தின் மேல். இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் நின்று பாருங்கள். கோட்டைச் சுவர் காலம் முடிந்து இன்றைய அடுக்குமாடிக் காலம் தொடங்குகிற இடம் அது. நான் எத்தனை தடவை அங்கே நின்றிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. காவலாளி ஒருவர் என்னைக் கட்டிடக்கலை மாணவி என்றே நினைத்திருந்தார். திருத்தவில்லை.

அங்கிருந்து வடக்கே நடந்தால் அரை மைலுக்குள் மூன்று பெரிய கலைஞர்களின் வேலை, டிக்கெட் இல்லாமல். ஆடம்ஸ் முனையில் கால்டரின் சிவப்பு ஃபிளமிங்கோ, 53 அடி. கறுப்புக் கண்ணாடிக் கட்டிடங்களுக்கு நடுவே குங்குமம் வைத்த மாதிரி இருக்கும். அதன் காலுக்கு அடியில் புகுந்து போகலாம், போக வேண்டும். மன்ரோ பக்கம் ஷகாலின் 'நான்கு பருவங்கள்', 70 அடி நீள மொசைக். இரண்டும் 1974இல் வந்தவை. அப்புறம் வாஷிங்டன் முனையில் பிகாசோ, 50 அடி துருப்பிடித்த இரும்பு. பெண்ணா, நாயா, குரங்கா என்று ஊர் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது; அவர் பெயரும் வைக்கவில்லை, காசும் வாங்கவில்லை. திறந்து வைத்த தேதி 1967 ஆகஸ்ட் 15, நமக்கு மறக்காது. எனக்கு அந்தச் சிலையை விட அதன் சாய்ந்த பீடம்தான் பிடிக்கும். குழந்தைகள் அதில் ஏறிச் சறுக்குவார்கள், யாரும் அதட்டுவதில்லை. கோடையில் அந்தச் சதுக்கத்தில் விவசாயிகள் சந்தை கூடும். தக்காளி வாங்குகிற சாக்கில் போகலாம்.

குளிர் காலத்துக்குக் கல்ச்சுரல் சென்டர். 1897இல் பொது நூலகமாகக் கட்டியது. டிஃபனி என்ற நிறுவனம் செய்த 38 அடி அகலக் கண்ணாடிக் கூரை, அனுமதி இலவசம், கழிப்பறை சுத்தம். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மாமியார் வந்தால் எதிர்ச்சாரியில் கொஞ்சம் தெற்கே இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டைக் காட்டுங்கள். 1893 செப்டம்பரில் விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டிடத்தில்தான். அவரை அனுப்பிவைக்க மதராஸில் வீடு வீடாக வசூல் செய்தார்கள் என்று சொன்னால் மாமியாருக்கும் ஊர் கொஞ்சம் சொந்தமாகிவிடும்.

இரண்டாவது தெரு, பில்சன் பேட்டையில் 18ஆம் தெரு. லூப்பிலிருந்து பிங்க் லைன் ரயில். படியிறங்கும்போதே சுவர், தூண் என்று எங்கும் ஓவியம். பிரான்சிஸ்கோ மெண்டோசா என்ற ஓவிய ஆசிரியர் இளைஞர்களோடு சேர்ந்து செய்தது. செக் நாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயரை இந்தப் பேட்டைக்கு வைத்தார்கள். பின்னால் மெக்சிகோக்காரர்கள் வந்தார்கள். வீட்டு நெற்றியில் செக் பாணி வளைவு, கீழே ஸ்பானிஷ் பெயர்ப்பலகை. அங்கே நடக்கும்போது தரையைக் கவனியுங்கள். சில வீடுகள் நடைபாதையிலிருந்து ஐந்தாறு படி கீழே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். வீடு இறங்கவில்லை, தெரு ஏறியது. சதுப்பு நிலம், சாக்கடை போட வழியில்லை. அதனால் தெருவை உயர்த்திவிட்டார்கள். பழைய தரைத்தளம் பாதி நிலவறை ஆகிவிட்டது. அந்தப் பள்ளத்து முற்றத்தில் யாராவது துணி காயப்போட்டிருப்பார்கள், தகரத்தில் மிளகாய்ச் செடி வைத்திருப்பார்கள். எனக்கு அங்கேதான் முதல் சிநேகிதி கிடைத்தாள். செடியைப் பார்த்து நின்றேன், 'உங்கள் ஊர் மிளகாயா?' என்று அவள் கேட்டாள்.

19ஆம் தெருவில் மெக்சிகோ கலைக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, என்றுமே இலவசம், திங்கள் விடுமுறை. வெளியே பூங்கா ஓரம் வண்டியில் சோளம் விற்பார்கள்: மயோனைஸ், சீஸ், மிளகாய்த்தூள் போட்டு. மெரினா சோளத்தை மறந்துவிட்டுச் சாப்பிட்டால் நன்றாக இருக்கும். சைவம் என்றால் தமாலே என்கிற வேகவைத்த சோள மாவுப் பண்டம் வாங்கும்போது மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்.

ரேசின் தெருவில் காசா அஸ்ட்லான் என்று ஒரு சமூக மையம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் ரே பட்லான் அதன் சுவர் முழுக்க வரைந்திருந்தார். கட்டிடம் கைமாறி, 2017இல் ஒருநாள் எல்லாவற்றின் மேலும் சாம்பல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அந்த வாரம் நான் போயிருந்தேன். ஒரு பாட்டி அந்தச் சுவரைப் பார்த்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தார். ஊர் கொந்தளித்ததும் அதே பட்லானை அழைத்துப் புதிதாக வரைய வைத்தார்கள். புதியது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேட்டையில் வாடகை ஏறியது ஏறியதுதான், நான் சொன்ன சிநேகிதி இப்போது பக்கத்து ஊரான சிசெரோவில் இருக்கிறாள்.

தனியாகப் போகலாமா என்றால், பகலில் இந்த இரண்டு இடத்துக்கும் தாராளமாக. ரயிலில் ஆள் இருக்கிற பெட்டியாகப் பார்த்து ஏறுங்கள், கதவோரம் நின்று போனை நோண்டாதீர்கள். சிகாகோ முழுக்க ஆபத்து என்று ஊரிலிருந்து செய்தி அனுப்புகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம் எல்லாப் பேட்டையும் ஒன்றல்ல. இருட்டிய பிறகு தெரியாத இடத்தில் வீராப்பு வேண்டாம்.

இன்னொன்று, பனி கொட்டிய மறுநாள் குடியிருப்புத் தெருக்களில் சும்மா ஒரு நடை போய்வாருங்கள். காரை வெட்டியெடுத்த இடத்தில் பழைய நாற்காலி, இஸ்திரி மேஜை, சில சமயம் பொம்மை கூட வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே கதைதான். 'டிப்ஸ்' (dibs) என்று பேர், ஓட்டலில் வைப்பது வேறு. சட்டப்படி செல்லாது, ஆனாலும் அந்த நாற்காலியை நகர்த்திவிட்டு உங்கள் வீட்டுக்காரர் அங்கே காரை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.