பேட்டரியைத் தராசில் வையுங்கள்: மின் சைக்கிள் கேள்வி-பதில்

சாதா சைக்கிளில் மோட்டார் மாட்டுவது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, "கம்மி விலையில் எந்த மோட்டார் நல்லது?" என்ற ஒற்றை வரிதான். சைக்கிள் எது, ஓட்டுபவர் எடை என்ன, தினமும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதாவிட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். எழுதியவர்களுக்கு மட்டும் பதில்.

தினமும் 14 கி.மீ., மேடு இல்லை. கையில் 15,000 ரூபாய். 24 வோல்ட் கியர் மோட்டாரா, 36 வோல்ட் ஹப் மோட்டாரா?
ஆர்.எஸ்., தஞ்சாவூர்

இப்படித்தான் கேட்க வேண்டும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மாட்டும் 24 வோல்ட், 250 வாட் கியர் மோட்டாரே உங்களுக்குப் போதும். கிட் ஐந்தாறாயிரத்தில் முடிந்துவிடும், மிச்சத்தைப் பேட்டரியில் போடுங்கள். 24 வோல்ட் 10 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) லித்தியம் தாராளம். மோட்டாரில் 9 பல், சக்கரத்தில் 18 பல் என்றால் 26 அங்குல வண்டி மணிக்கு 20 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். கர்ரென்று சத்தம் போடும், கார்பன் பிரஷ் தேயும். ஆனால் வைண்டிங் கடைக்காரரே பிரஷ் மாற்றித் தந்துவிடுவார். சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார் பூனை மாதிரி போகும். உள்ளே சுழற்சியைக் கவனிக்கும் ஹால் சென்சார் போனால்தான் பிரிக்க ஆள் தேடி அலைய வேண்டும்.

பழைய 50 சி.சி. மொபெட் என்ஜின் சும்மா கிடக்கிறது. சைக்கிளில் ஏற்றலாமா?
கே., விருதுநகர்

வேண்டாம். 25 சி.சி.யைத் தாண்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனம். உங்களுடையது 50 சி.சி. நம்பர் பிளேட்டுக்கு எங்கே போவீர்கள்?

350 வாட் போட்டால் லைசென்ஸ் வேண்டுமா சார்?
கல்லூரி மாணவர், நாமக்கல்

வேண்டும் தம்பி. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கி.மீ.க்குள் இருந்தால்தான் லைசென்ஸ், ஆர்.சி. இல்லாமல் ஓட்டலாம். 500 வாட் மோட்டாரில் 250 என்று ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறார்கள். யார் மேலாவது மோதினால் ஸ்டிக்கர் வந்து சாட்சி சொல்லாது.

ஆன்லைனில் 36 வோல்ட் 10 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரி 4,500 ரூபாய்க்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?
எம்.பி., ஓசூர்

வாங்காதீர்கள். இதையே எத்தனை தடவை எழுதுவது? ஏன் என்று கேட்பவர்கள் அடுப்படித் தராசை எடுங்கள். பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் சின்ன உருளையான 18650 செல் ஒன்று 45 கிராம் சொச்சம். சாதாரணமாகக் கிடைக்கும் நல்ல செல் 2.5 ஏ.ஹெச். 36 வோல்ட்டுக்கு 10 செல் வரிசையாக வேண்டும், 10 ஏ.ஹெச்.சுக்கு அந்த மாதிரி 4 வரிசை. ஆக 40 செல். செல் மட்டுமே 1.8 கிலோ. பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் சர்க்யூட்), நிக்கல் பட்டை, வயர் எல்லாம் சேர்ந்தால் 2 கிலோவைத் தாண்டியே ஆக வேண்டும். "எங்களுடையது 3.5 ஏ.ஹெச். செல், அதனால்தான் லேசு" என்பார்கள். அந்த ரகத்தில் 30 செல் வேண்டும், 4,500க்கு வெறும் செல்லே வராது.

போன வருஷம் ஒருவர் கொண்டுவந்த '10 ஏ.ஹெச்.' பேக் 1.1 கிலோ இருந்தது. நீல உறையை பிளேடால் கீறினேன். உள்ளே 20 செல், மீதி இடத்தில் மடித்துச் செருகிய தெர்மக்கோல். ஒரு செல்லின் புது உறையை உரித்தால் அடியில் இன்னொரு பழைய உறை: லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவியது. எல்லா ஜோடியும் ஒரே அளவு காட்ட வேண்டும்; மல்டிமீட்டரில் ஒரு ஜோடி 4.1 வோல்ட் காட்டியது, பக்கத்து ஜோடி 3.2. பி.எம்.எஸ். என்னவோ இருந்தது, அதற்குப் போக வேண்டிய மெல்லிய வயர்களில் பாதிக்கு ஈயமே வைக்கவில்லை. அவர் அதை ஆறு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் வைத்து சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார்.

2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி சார்ஜில் கிடந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சு முட்டி அப்பாவும் மகளும் போனார்கள். படுக்கையறையில், மாடிப்படிக்கு அடியில், வாசலை மறித்து சார்ஜ் போடாதீர்கள். சார்ஜரையும் மாற்றி மாட்டாதீர்கள்: பெயர் 36 வோல்ட்தான் என்றாலும் சாதாரண லித்தியத்துக்கு 42 வோல்ட்டில் நிற்க வேண்டும், எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட் ரகம்) சார்ஜர் 44 வரை ஏற்றிவிடும். கொஞ்சம் கூடுதல் கனம் பரவாயில்லை என்றால் நம்மூர் வெயிலுக்கு எல்.எஃப்.பி.யே நல்லது.

மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் இருக்கிறது. முன்சக்கரத்தில் ஹப் மோட்டார் போடலாமா?
எஸ்.வி., திருவாரூர்

முதலில் ரிம்மில் போக்ஸ் துளைகளை எண்ணுங்கள். ஹப் மோட்டாருக்குப் பெரும்பாலும் 36. நம்மூர்ப் பழைய ரக சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40. அப்படியென்றால் ரிம்மும் புதிது வாங்க வேண்டும். டார்க் ஆர்ம் (அச்சு சுழலாமல் பிடிக்கும் இரும்புப் பட்டை) இல்லாமல் மாட்டாதீர்கள்: அச்சு ஃபோர்க்கைத் தின்று சுழன்றால் முதலில் வயர் அறும், அப்புறம் சக்கரமே கழன்றுவிடும். பிரேக் கட்டை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. யாருமே எழுதுவதில்லை.

யு.பி.எஸ். பேட்டரி 7 ஏ.ஹெச். மூன்று, ஒரு வருஷமாகச் சும்மா இருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா?
ஜே., நாகர்கோவில்

சார்ஜ் போடாமல் ஒரு வருஷம் கிடந்த லெட் ஆசிட் எடைக்குத்தான் ஆகும். புதிதே வாங்கினாலும் மூன்றும் ஏழு கிலோ, மோட்டார் இழுக்கிற இழுப்புக்குக் கணக்கில் பாதிதான் கொடுக்கும்.

மழையில் ஓட்டலாமா?
பெயர் இல்லை

ஓட்டலாம். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டியான கன்ட்ரோலரின் வயர் வாய் கீழே பார்க்கட்டும். நனைந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள்.

பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் லீவருக்குத் தனியாக 400 ரூபாய் கேட்கிறார்கள். கண்டிப்பாக வேண்டுமா?
டி.ஆர்., கரூர்

த்ரோட்டில் (வேகம் கூட்டும் கைப்பிடி) ஒட்டிக்கொண்டு திரும்பாத வண்டியில் ஒருமுறை நேராக வேலிக்கருவைக்குள் போய் இறங்கினேன். முள் எடுக்கவே இரண்டு நாள் ஆனது. வாங்குங்கள்.