மலைக் குளிரில் நீராமை: தொட்டியைக் கழுவுவதற்கு முன் தண்ணீரைச் சூடாக்குங்கள்

கேள்வி: டொக்டர், ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். மகனின் பிறந்தநாளுக்குக் கண்டியில் வாங்கிய ஆமைக்குஞ்சு இப்போது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உண்டு. இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். தினமும் தொட்டியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதிதாகப் பீலித் தண்ணீர் நிரப்புகிறேன். ஃபில்டரும் பூட்டியிருக்கிறோம். அப்படியும் மறுநாளே நாற்றம் வருகிறது. சில நாட்களாக அதன் கண்கள் வீங்கி மூடியிருக்கின்றன. கூனி இறால் போட்டாலும் சாப்பிடுவதில்லை. காலையில் தண்ணீரில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 17 பாகை காட்டியது. தொட்டியை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, வெப்பமானி வைத்துப் பார்த்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. மலையகத்திலிருந்து நோயுற்ற ஆமைகளைக் கொண்டுவருகிறவர்களில் மிகச் சிலரே அதைச் செய்கிறார்கள். உங்கள் கேள்விக்கு விடை அந்த 17 பாகையில்தான் இருக்கிறது. நாற்றம், ஃபில்டர் வேலை செய்யாதது, பசியின்மை, கண் வீக்கம் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

உங்களிடம் இருப்பது செங்காது ஆமை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்படுகை அதன் தாயகம். அங்கே கடுங்குளிர் காலத்தில் அது குளத்தின் அடியில் போய் அசையாமல் கிடக்கும். அதற்கு முன்பே உண்பதை நிறுத்திக் குடலைக் காலி செய்துகொள்ளும். வெயில் திரும்பியதும் கரையேறி, உடலைச் சூடேற்றி, மீண்டும் சாப்பிடும். நம் வீடுகளில் நடப்பது வேறு. 15, 17 பாகை என்பது அது உறங்கிக் கிடக்கப் போதிய குளிரும் அல்ல, வாழப் போதிய வெப்பமும் அல்ல. இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் மாதக்கணக்கில் இருந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி தளர்ந்துவிடும். உண்டது செரிக்காமல் குடலில் கிடந்து அழுகும். அரைகுறையாகச் செரித்த அந்தக் கழிவுதான் தண்ணீரில் அப்படி நாறுகிறது. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ ஹீட்டர் இல்லாமலே ஆமை வளர்த்துவிடலாம். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் அது நடக்காது. கடைக்காரர் தொட்டியை விற்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீர் 25, 26 பாகையில் நிற்க வேண்டும். நோயுற்றிருக்கும் இந்த நாட்களில் 27, 28 வரை போகலாம். ஒரேயடியாக ஏற்றாமல், நாளுக்கு இரண்டு மூன்று பாகையாக ஏற்றுங்கள். 100 லீற்றர் தண்ணீரைக் குளிர்ந்த அறையில் பத்துப் பாகை உயர்த்திப் பிடிக்க 200 வாட் ஹீட்டர் தேவைப்படும். மீன் தொட்டிக்கான ஹீட்டரே போதும், ஆனால் பிளாஸ்டிக் உறை போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஆமை மோதினால் வெறும் கண்ணாடிக் குழாய் உடைந்துவிடும். தண்ணீரை இறைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே ப்ளக்கைக் கழற்றிவிட வேண்டும். சூடாக இருக்கும் குழாய் தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம், அருகில் ஒரு குழந்தையும் இருக்கிறது.

மின்கட்டணத்தை நினைத்துக் கவலைப்படுவீர்கள். அதற்கு மலிவான வழி ரெஜிபோம். தொட்டியின் அடியிலும் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் ஓரங்குலத் தடிப்பு ரெஜிபோம் அட்டையை ஒட்டிவிடுங்கள். ஹீட்டர் எரியும் நேரம் நன்றாகக் குறையும். இரவில் மின்சாரம் தடைப்பட்டாலும் சூடு சட்டென்று இறங்காது. ஆமைக்கு எட்டாதபடி வெளிப்புறமாக ஒட்டுங்கள். எட்டினால் கடித்து விழுங்கிவிடும்.

இனிச் சுத்தத்துக்கு வருகிறேன். நீங்கள் நாள் தவறாமல் படுகிற பாடுதான் ஃபில்டரை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. ஆமையின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆமையின் கண்ணை எரிக்கும். ஃபில்டர் பஞ்சில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் அந்த அமோனியாவை நைத்திரைற்றாக்கும். இன்னொரு வகை அதை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைத்திரேற்றாக்கும். இந்த நுண்ணுயிர்ப் படை பெருகி நிலைக்க, வெதுவெதுப்பான தண்ணீரிலேயே நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். குளிரில் அவையும் மந்தமாகிவிடும். நீங்களோ தினமும் சவர்க்காரம் போட்டு அவற்றைக் கொன்றுவிட்டு, முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். நாற்றுமேடையை நாள்தோறும் கொத்திப் புரட்டினால் எந்தக் கன்று வேர் பிடிக்கும்?

ஆகவே சவர்க்காரத்தை இன்றோடு நிறுத்துங்கள். கண்ணாடியில் படியும் பாசியை ஒரு துணியால் துடைத்தால் போதும். விடாப்பிடியான கறையாக இருந்தால் வினாகிரி தொட்டுத் தேய்த்து, நன்றாக அலசிவிடுங்கள். ஃபில்டர் பஞ்சை ஒருபோதும் பீலியில் பிடித்துக் கழுவாதீர்கள். தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் பஞ்சை இரண்டு மூன்று முறை பிழியுங்கள். கறுப்புத் தண்ணீர் வெளியேறும், பஞ்சு மண்ணிறமாகவே இருக்கும். அந்த மண்ணிறத்தில்தான் உயிர் இருக்கிறது, அதை வெள்ளையாக்க முயல வேண்டாம். தெரிந்தவர் வீட்டில் நெடுநாள் ஓடும் ஆரோக்கியமான மீன் தொட்டி இருந்தால், அதன் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சு கேட்டு வாங்கி உங்களுடையதில் வைத்துவிடுங்கள். வாரக்கணக்கான காத்திருப்பு பெருமளவு குறையும். ஃபில்டரின் உறையில் 60 லீற்றர் என்று போட்டிருந்தால் அது மீனுக்கான கணக்கு. ஆமைக்கு அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு பெரியது வேண்டும்.

ஃபில்டர் நிலைகொள்ளும் வரை, இரண்டு நாளுக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை போதும். குழாய் வைத்து அடியிலுள்ள கழிவை உறிஞ்சி எடுக்கும்போது, தயவுசெய்து வாயால் இழுக்காதீர்கள். குழாய் முழுவதையும் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்துக் கீழே இறக்கினால் தானே ஓடும். புதுத் தண்ணீரை வாளியிலேயே கொதிநீர் கலந்து, வெப்பமானியில் 25 காட்டிய பிறகே ஊற்றுங்கள். காலைப் பீலியின் குளிர்நீரை ஆமை மேல் கொட்டுவது அதைத் தினமும் நோயில் தள்ளுவதற்குச் சமம்.

பீலித் தண்ணீரைப் பற்றி இரண்டு விஷயங்கள். அதில் குளோரின் இல்லை, அது நல்லதே. ஆனால் ஊற்று தேயிலை மலைக்குக் கீழே இருந்தால், மருந்து அடித்த நாட்களிலும் உரம் போட்டபின் பெய்யும் முதல் மழையிலும் அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள். முன்கூட்டியே இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, நம் மலைத் தண்ணீர் மென்மையானது. கேத்தலில் வெள்ளைப் படிவு பிடிக்காததைக் கவனித்திருப்பீர்கள். தாதுப்பொருள் குறைந்த தண்ணீரில் அமிலத்தன்மை விரைவில் ஏறும், ஏறினால் ஃபில்டர் நுண்ணுயிர்கள் தளரும். கழுவிக் காயவைத்த சிப்பி ஓடுகளை ஒரு பிடி, வலைப் பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால் அது சமப்படும். நகரசபைக் குழாய் நீரைப் பயன்படுத்துகிறவர்கள், குளோரின் நீக்கும் துளி மருந்தைக் கலந்து ஊற்றலாம்.

தொட்டியின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓட்டின் நீளம் ஓரங்குலத்துக்கு ஏறத்தாழ 40 லீற்றர் தண்ணீர் என்பது ஆமை வளர்ப்போரின் கணக்கு. உங்களுடைய இரண்டடித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினாலும் 50 லீற்றர் சொச்சம்தான் பிடிக்கும். பெண் ஆமையாக இருந்தால் அது 25 சென்டிமீற்றருக்கு மேல் வளரும். நன்றாகப் பராமரித்தால் 30 ஆண்டுகள்கூட வாழும். பெரிய கண்ணாடித் தொட்டி வாங்க வசதியில்லாவிட்டால், வெட்கப்பட வேண்டாம், 150 அல்லது 200 லீற்றர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றே போதும். தண்ணீர் கூடுதலாக இருந்தால் அழுக்கும் மெதுவாகவே சேரும், சூடும் நிலைத்து நிற்கும். அடியில் சிறு கூழாங்கல் பரப்பாதீர்கள். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். வெறும் தரைதான் சுத்தம் செய்ய எளிது.

ஆமை முழு உடலும் உலர ஏறி அமர ஒரு மேடை கட்டாயம் வேண்டும். இரண்டு செங்கல்லை அடுக்கி, ஏறுவதற்குச் சாய்வாக ஒரு பலகை வைத்தாலே ஆயிற்று. அதற்கு மேலே சூடு தரும் பழைய வகைக் குண்டு மின்குமிழ் ஒன்று. மேடையில் 30 முதல் 32 பாகை இருக்க வேண்டும். எல்.ஈ.டி. மின்குமிழ் இதற்கு உதவாது. இதோடு புற ஊதா பி கதிர் தரும் விளக்கும் தேவை. அந்தக் கதிர் இல்லாமல் ஆமையின் உடல் கல்சியத்தைப் பயன்படுத்த முடியாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் வடிகட்டப்பட்டுவிடுகிறது. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கதிர் குன்றிவிடும், மாற்ற வேண்டும். மூடுபனி விலகிய நாளில், காற்றில்லாத முற்றத்தில், பாதி நிழல் விழும் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரோடு அரைமணி நேரம் வெயில் காட்டுங்கள். கூடவே ஒருவர் இருக்க வேண்டும், காக்கைக்கும் நாய்க்கும் ஒரு நொடி போதும்.

உணவில், கூனி மட்டும் கொடுத்து வந்திருந்தால் கண் வீக்கத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அதில் வைற்றமின் ஏ போதாது. உப்புக் கருவாடு, பாண், சோறு எதுவும் வேண்டாம். ஆமைக்கான உருண்டை உணவு, அதன் தலை அளவுக்கு ஒரு வேளை. அதோடு கங்குங், பொன்னாங்காணி, கரட் இலை, மெல்லியதாகச் சீவிய கரட். உணவைத் தனிப் பேசினில் கொடுத்து, அரைமணி நேரம் கழித்துத் தொட்டிக்கு மாற்றினால் தண்ணீர் அழுக்காவது பாதியாகக் குறையும். ஆனால் தண்ணீர் 24 பாகைக்கு வரும்வரை எதையும் ஊட்ட முயலாதீர்கள், செரிக்காது.

மகன் ஆமையைத் தொட்ட பிறகு ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும். ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையிடமும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், மரக்கறிப் பாத்தியிலும் வேண்டாம். பூச்செடிக்கு ஊற்றுங்கள், நன்றாக வளரும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். வளர்ப்பது சுமையாகிவிட்டது என்று சிலர் ஆமையைக் காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ கிரகரி வாவியிலோ விட்டுவிட நினைக்கிறார்கள். ஒருபோதும் செய்யாதீர்கள். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் செங்காது ஆமையும் இருக்கிறது. நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். வளர்க்க முடியாவிட்டால் பொறுப்பான இன்னொருவரிடம் கொடுங்கள். நம் நாட்டு ஆமைகளையோ ஓடையிலிருந்து பிடித்து வந்து வளர்க்கக் கூடாது. அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

இந்த வாரம் கண்ணுக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன். மனிதருக்கான சொட்டு மருந்து எதையும் விடாதீர்கள். வைற்றமின் ஏ குளிகையை உடைத்துக் கொடுக்கவும் வேண்டாம், அளவு மீறினால் அதுவே நஞ்சாகும். காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான நீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, காலையும் மாலையும் இமைமேல் மெல்ல ஒற்றுங்கள். பிதுக்கவோ இமையைத் திறக்கவோ கூடாது. தண்ணீர் சூடேறிச் சுத்தமானதும் பல ஆமைகள் ஒரு வாரத்துக்குள் கண் திறக்கத் தொடங்கிவிடும். திறக்காவிட்டால் மிருக வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு விட்டாலோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ, அது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றே புறப்படுங்கள். அருகில் ஆமைகளைப் பார்த்துப் பழகிய வைத்தியர் இல்லாவிட்டால், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம். பஸ்ஸில் தண்ணீரோடு தூக்கிச் செல்லாதீர்கள், தளர்ந்த ஆமை அதிலேயே மூழ்கிவிடும். மூடியில் துளையிட்ட ரெஜிபோம் பெட்டியில் ஈரத்துவாய் விரித்து, துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தலை ஓர் ஓரமாகச் சரியாதபடி வைத்து எடுத்துச் செல்லுங்கள். என்ன உணவு கொடுத்தீர்கள், தண்ணீர் எத்தனை பாகையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் வைத்தியருக்கு மிகவும் உதவும்.