மால்டா சூதாட்ட உரிமம்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, ஐரோப்பியப் பந்தயத் தளங்களில் பாதிக்கு மேல் மால்டா முகவரிதான் தெரிகிறது. அவ்வளவு சின்னத் தீவுக்கு ஏன் போய்ச் சேர்ந்தார்கள்?

பதில்: அந்தத் தீவு முந்திக்கொண்டது, அதனால்தான். 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த மால்டா, அதே ஆண்டே ஆன்லைன் சூதாட்டத்துக்கு விதிகளை வகுத்துவிட்டது. மற்ற நாடுகள் தடுப்பதா, விடுவதா என்று தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி. பிறகு வரி. நிறுவன வரி சட்டப்படி 35 விழுக்காடு. ஆனால் பங்குதாரருக்கு அதில் ஏழில் ஆறு பங்கைத் திருப்பிக் கேட்க வழி உண்டு. கடைசியில் நிற்பது 5 விழுக்காடு. 316 சதுர கிலோமீட்டர் நாட்டுக்கு இது நல்ல வியாபாரம்தான், பக்கத்து நாடுகளுக்குப் பிடிக்காவிட்டாலும்.

கேள்வி: பணம் கட்டினால் உரிமம் கிடைத்துவிடுமா?

பதில்: கிடைக்காது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் இரண்டு வகை: ஆட்டக்காரருக்கு நேரடியாகச் சேவை தருவோருக்கு ஒன்று, அவர்களுக்கு மென்பொருள் போன்றவற்றைத் தருவோருக்கு மற்றொன்று. இரண்டுக்கும் பத்தாண்டு ஆயுள். விண்ணப்பக் கட்டணம் 5,000 யூரோ. கேசினோ, பந்தயம், போக்கர் நடத்துவோர் ஆண்டுக்கு 25,000 யூரோவும், வருவாயைப் பொறுத்து மேலும் ஒரு தொகையும் கட்ட வேண்டும். கேசினோ நடத்த, செலுத்தப்பட்ட மூலதனம் மட்டும் குறைந்தது 1,00,000 யூரோ. முதலாளிகள் யார், அவர்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று மால்டா கேமிங் ஆணையம் துருவும். ஆட்டக்காரர்களின் பணத்தை நிறுவனத்தின் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: அப்படித் துருவியுமா மாஃபியா நுழைந்தது?

பதில்: நுழைந்தது. 2015இல் இத்தாலியில் நடந்த பெரிய விசாரணையில், என்ட்ராங்கெட்டா என்ற இத்தாலிய மாஃபியா கும்பல் மால்டா உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியே பணத்தை வெள்ளையாக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. உரிமங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2021 ஜூனில் பன்னாட்டு நிதிக் கண்காணிப்பு அமைப்பு மால்டா நாட்டையே சாம்பல் பட்டியலில், அதாவது கறுப்புப் பணத் தடுப்பில் குறையுள்ள நாடுகளின் பட்டியலில், போட்டது. சூதாட்டம் மட்டும் அதற்குக் காரணமில்லை. ஓராண்டில் வெளியே வந்தது.

கேள்வி: ஐயா, வியன்னாவில் இருக்கும் என் மைத்துனர் மால்டா தளம் ஒன்றில் நிறையத் தோற்றுவிட்டார். வழக்குப் போட்டால் பணம் திரும்புமாம். உண்மையா?

பதில்: பாதி உண்மை, அம்மா. ஆஸ்திரியாவில் ஆன்லைன் கேசினோ ஏகபோக உரிமை, ஒரே நிறுவனம்தான் நடத்தலாம். வெளியிலிருந்து வரும் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் செல்லாது, தோற்றதைத் திருப்பித் தா என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் தொடர்ந்து தீர்ப்பளித்து வருகின்றன. நிறுவனங்களோ, மால்டா உரிமம் ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று வாதாடும். அந்த வாதம் பலவீனமானது: ஒரு நாட்டு உரிமத்தை மற்றொரு நாடு ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009ஆம் ஆண்டுப் போர்ச்சுகல் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

சிக்கல் தீர்ப்புக்குப் பிறகு. நிறுவனத்தின் சொத்து மால்டாவில் இருக்கும். அங்கேபோய்த் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டும். 2023 ஜூனில் மால்டா தன் சட்டத்தில் 56ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மால்டா சட்டப்படி முறையாக நடந்த தொழிலுக்கு எதிரான வெளிநாட்டுத் தீர்ப்பை உள்ளூர் நீதிமன்றம் ஏற்க மறுக்க வேண்டும் என்கிறது அது. ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டுத் தீர்ப்பை மற்ற நாடு மதிக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. தன் தொழிலைக் காக்க வீட்டு வாசலில் பூட்டுப் போட்டுக்கொண்டது மால்டா என்றுதான் சொல்வேன். 2025 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் இதற்காக அதன்மீது விதிமீறல் நடவடிக்கை தொடங்கியது. மைத்துனர் ஆஸ்திரிய வழக்கறிஞரிடம் முதலில் கேட்க வேண்டியது "வெல்வேனா?" என்றல்ல, "எங்கே வசூலிப்பீர்கள்?" என்று.

கேள்வி: சென்னையிலிருந்து ஆடலாமா? தளத்தில் மால்டா முத்திரை இருக்கிறதே?

பதில்: கூடாது, தம்பி. 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை, திறமை சார்ந்தவையானாலும், தடை செய்கிறது. மால்டா முத்திரை இந்தியச் சட்டத்துக்கு முன் வெறும் படம்.

கேள்வி: முத்திரையே போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முத்திரையைச் சொடுக்கி நம்பாதீர்கள், அதுவும் போலிப் பக்கத்துக்குப் போகலாம். மால்டா கேமிங் ஆணையத்தின் இணையதளத்தை நீங்களே திறந்து, உரிமதாரர் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். நீங்கள் பார்த்த தளத்தின் முகவரி எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்க வேண்டும். நிறுவனம் மட்டும் இருந்து முகவரி இல்லையென்றால் விலகிவிடுங்கள்.